வைக்கோல் உருளைக்கட்டு இயந்திரம்: சிறியதா, பெரியதா? பிலிம் சுற்றும் கருவியும் சேர்த்து வாங்க வேண்டுமா?

மன்னை விவசாயி:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குக் கிழக்கே எங்களுக்கு எட்டு ஏக்கர் நன்செய் இருக்கிறது. குறுவை, சம்பா இரண்டும் செய்கிறோம். வீட்டில் ஐந்து கறவை மாடுகளும் 45 குதிரைத்திறன் கொண்ட டிராக்டர் ஒன்றும் உள்ளன. அறுவடை முழுவதும் இப்போது பெல்ட் வண்டியில்தான் (சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம்) நடக்கிறது. வைக்கோலைத் திரட்டி முறையாகப் போர் போடத் தெரிந்த ஆட்கள் எங்கள் ஊரில் அநேகமாக இல்லாமலே போய்விட்டார்கள். வெளியூரிலிருந்து வரும் பேலர் (வைக்கோலைக் கட்டாகக் கட்டும் இயந்திரம்) வண்டிகளை நம்பியிருக்கிறோம். ஆனால் எல்லா ஊர்களிலும் ஒரே வாரத்தில் அறுவடை நடப்பதால், அவை எங்கள் வயலுக்கு வந்து சேர்வதற்குள் வைக்கோல் இரண்டு மூன்று பனியையோ ஒரு மழையையோ வாங்கிவிடுகிறது.

ஆகவே சொந்தமாக ஓர் இயந்திரம் வாங்கலாம் என்று எண்ணுகிறேன். எங்கள் வயலைத் தவிர, அக்கம்பக்கத்தில் உறவினர்களும் நண்பர்களும் வைத்திருக்கும் அறுபது எழுபது ஏக்கருக்கும் வாடகைக்கு ஓட்ட வாய்ப்பிருக்கிறது. விசாரித்ததில் மூன்று வகைகளைச் சொல்கிறார்கள். கயிறு சுற்றும் சிறிய உருளைக்கட்டு இயந்திரம் ஒன்று. நான்கடி விட்டத்தில் கட்டு போட்டு அதன்மேல் வலை சுற்றும் பெரிய இயந்திரம் மற்றொன்று. செவ்வகக் கட்டு போடும் இயந்திரம் மூன்றாவது. இவற்றோடு பிளாஸ்டிக் பிலிம் சுற்றும் கருவியையும் சேர்த்து வாங்கிவிட்டால், குறுவையில் நனைந்துபோகும் வைக்கோலைக்கூட ஊறுகாய்ப்புல்லாக (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனம்) மாற்றிவிடலாம் என்று ஒரு விற்பனையாளர் கூறினார். கேட்க நன்றாக இருக்கிறது. நம்புவதற்குத்தான் தயக்கமாக இருக்கிறது. உண்மையில் இவற்றை ஓட்டிப் பார்த்தவர்கள் எதை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஒரத்தநாடு டிராக்டர்:

வணக்கம் ஐயா. சில பருவங்களாகச் சிறிய உருளைக்கட்டு இயந்திரத்தை வாடகைக்கு ஓட்டி வருகிறேன். இயந்திரத்தின் விலையையும் வேகத்தையும் பார்ப்பதற்கு முன்னால், கட்டை வயலிலிருந்து யார் தூக்கப் போகிறார்கள், யார் வாங்கப் போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். மற்றவற்றில் பாதி தாமாகவே முடிவாகிவிடும்.

சிறிய இயந்திரம் போடும் கட்டு ஏறத்தாழ இரண்டடி விட்டமும் மூன்றடி அகலமும் கொண்டது. ஈரத்தையும் இறுக்கத்தையும் பொறுத்து 12 முதல் 20 கிலோ வரை இருக்கும். ஒருவர் தனியாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்துவிடலாம். இரண்டு மாடு வைத்திருப்பவர் மொபெட்டில் கட்டி எடுத்துப் போய்விடுவார். நான்கடிக் கட்டோ வைக்கோலானாலும் 150 கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்க டிராக்டரின் முன்பக்கத்தில் லோடர் வேண்டும், திரும்ப இடம் வேண்டும், வண்டி இறங்கத் தடம் வேண்டும். நம் பக்கத்தில் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு வரப்பைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. மேலும் பெரிய பேலர் வெறும் எடையிலேயே ஒன்றரை இரண்டு டன்னைத் தாண்டும். நம் களிமண்ணில் சம்பா அறுவடைக்குப் பிறகும் அடியில் ஈரம் இருக்கும்போது அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் 45 குதிரைத்திறன் டிராக்டர் சிறிய இயந்திரத்துக்குத் தாராளமாகப் போதும். நான்கடி இயந்திரத்தை அதில் மாட்டினால் தினமும் திணறும்.

செவ்வகக் கட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லாரியில் இடைவெளி விடாமல் அடுக்கலாம் என்பதால் தொலைதூர வியாபாரத்துக்கு அது நல்லது. பஞ்சாபில் நெல் தாளை மின் நிலையங்களுக்குக் கொண்டுபோகிறவர்கள் அதைத்தான் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் முடிச்சுப் போடும் பகுதி மிக நுட்பமானது. அது சரியாக அமையாவிட்டால் கட்டு அவிழ்ந்து அவிழ்ந்து விழும், அதைச் சீர்செய்யத் தெரிந்த மெக்கானிக் பக்கத்து ஊரில் இல்லையென்றால் பருவமே போய்விடும். உருளைக்கட்டில் முடிச்சே கிடையாது. கயிறு பலமுறை சுற்றி வெட்டப்பட்டுத் தன் இறுக்கத்திலேயே நிற்கிறது. கோளாறு வரும் இடங்கள் குறைவு, வந்தாலும் உள்ளூரிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

இனி, வாங்கியபின் பலர் புலம்பும் ஒரு விஷயம். கட்டின் தரம் பாதி இயந்திரத்தால் வருகிறதென்றால் மீதிப் பாதி வைக்கோல் வரிசையால் வருகிறது. அறுவடை வண்டிக்காரர் வைக்கோலைச் சிதறவிடாமல் ஒரே வரிசையாக விட வேண்டும் என்று அறுக்கும் முன்பே பேசிவிடுங்கள். நெல் ஏற்றும் டிராக்டர் அந்த வரிசைகளின்மேல் ஏறி இறங்கிவிட்டால் வைக்கோல் சேற்றோடு அழுந்திவிடும், பேலரின் கம்பிப் பற்கள் அதை எடுக்கமாட்டா. எடுத்தால் மண்ணோடு எடுக்கும், அந்த மண் மாட்டின் வயிற்றுக்கும் இயந்திரத்தின் பேரிங்குக்கும் சேர்ந்தே கெடுதல். வரிசை பேலரின் வாயைவிடக் குறுகலாக இருந்தால் நேராக ஓட்டக் கூடாது. சற்று இடமாகவும் சற்று வலமாகவும் மாறிமாறி ஓட்டி அறையின் இரு ஓரங்களையும் நிரப்ப வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் நடுவில் பருத்து ஓரத்தில் மெலிந்த கட்டு வரும், தூக்கும்போதே ஓரக் கயிறு நழுவிவிடும்.

கயிற்றைப் பொறுத்தவரை நான் சணலைத்தான் பயன்படுத்துகிறேன். பிளாஸ்டிக் கயிறு மலிவு, அறுவதும் குறைவு. ஆனால் அதன் துண்டுகள் தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குள் போய்த் தங்கிவிடுகின்றன. பால்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள், கேட்டும் வாங்குகிறார்கள். வலை சுற்றுவதில் இரண்டு இரண்டரைச் சுற்றிலேயே கட்டு முடிந்துவிடுவதால் நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனால் மாட்டுக்குப் போடும் முன் வலையை முழுவதுமாக உரித்தெடுக்கும் பொறுமை எத்தனை வீடுகளில் இருக்கிறது?

வருமானக் கணக்கையும் நிதானமாகப் போட்டுக்கொள்ளுங்கள். சராசரியாக ஏக்கருக்கு முப்பது நாற்பது கட்டுகள் வரும். சம்பா, தாளடி அறுவடை தை, மாசியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அதன்பின் வேலை வேண்டுமென்றால் வண்டியோடு வெளி மாவட்டத்துக்குப் போக வேண்டும். எழுபது ஏக்கர் என்பது இயந்திரத்தைச் சும்மா நிற்காமல் வைத்திருக்குமே தவிர, கடனை விரைவில் அடைக்கப் போதாது.

பரமத்தி பால்பண்ணை:

வணக்கம். நாங்கள் நாமக்கல் மாவட்டத்தில் மக்காச்சோளத்தை ஊறுகாய்ப்புல்லாக்கிக் கட்டுகளாக விற்கிறோம். பிலிம் சுற்றுவதைப் பற்றிக் கேட்டிருப்பதால் அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வைக்கோல் பேலரும் ஊறுகாய்ப்புல் பேலரும் பார்வைக்கு உறவுக்காரர்களைப் போல இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு வேலைக்குச் செய்யப்பட்டவை. ஒன்றில் சுற்றும் கருவியைச் சேர்த்துவிட்டால் மற்றொன்றாகிவிடாது. மக்காச்சோளத்தை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டித்தான் கட்ட வேண்டும். வயலில் நீளமாகக் கிடக்கும் தாளைக் கம்பிப் பற்களால் வாரி எடுக்கும் பேலரில் அந்தத் துண்டுகளைப் போட்டால் உருளைகளின் இடுக்குகள் வழியாகக் கொட்டிவிடும். எங்களிடம் இருப்பது ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் வகை. வெட்டிய தீவனத்தை மேலே கொட்டினால் அழுத்தி உருட்டி, கயிறோ வலையோ சுற்றி, பக்கத்திலிருக்கும் மேசைக்குத் தள்ளும். அங்கே பிலிம் சுற்றப்படும். கட்டின் விட்டமும் அகலமும் அரை மீட்டருக்குச் சற்று மேல், எடை 60 முதல் 90 கிலோ வரை.

இந்தச் சிறிய அளவை நாங்கள் விரும்பித்தான் வைத்திருக்கிறோம். கட்டைப் பிரித்த நொடியிலிருந்து காற்றுப் பட ஆரம்பித்துவிடும், நம் வெயிலில் ஒன்றிரண்டு நாளுக்குள் தீர்த்துவிடாவிட்டால் சூடேறிப் பூஞ்சணம் பூத்துவிடும். ஒரு கறவை மாடு நாளொன்றுக்குப் பதினைந்து இருபது கிலோ தின்னும் என்று வைத்துக்கொண்டால், நாலைந்து மாடு வைத்திருப்பவருக்கு ஒரு கட்டு ஒரு நாளுக்குச் சரியாக இருக்கும். நான்கடியில் பச்சைத் தீவனம் கட்டினால் அது அரை டன்னைத் தொடும். அதைப் பிரித்து வைத்துக்கொண்டு சிறிய பண்ணைக்காரர் என்ன செய்வார்? சிறிய கட்டின் குறை பிலிம் செலவு. கொள்ளளவோடு ஒப்பிடும்போது சிறிய உருளையின் மேற்பரப்பு அதிகம் என்பதால், நான்கடிக் கட்டோடு ஒப்பிட்டால் அதே அளவு தீவனத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் பிலிம் போகிறது. வெளிநாடுகளில் பெரிய கட்டுகளை வரிசையாக முட்டவைத்து ஒரே நீண்ட குழாய் போலச் சுற்றும் கருவிகள் இருக்கின்றன. பிலிம் வெகுவாக மிச்சமாகும், ஆனால் கட்டுக் கட்டாக விற்பவருக்கு அந்த முறை உதவாது.

சுற்றும் கருவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், பிலிமின் வேலை காற்றை வெளியே நிறுத்துவது ஒன்றுதான். 25 மைக்ரான் பிலிமை அரை மடங்கு நீளம் கூடும்படி இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி, குறைந்தது ஆறு அடுக்கு வர வேண்டும். நான்கு அடுக்கோடு நிறுத்திச் செலவை மிச்சம் பிடிக்கிறவர்கள் மூன்றாம் மாதத்தில் வெள்ளைப் பூஞ்சணத்தைப் பார்க்கிறார்கள். கட்டிய அன்றே சுற்றிவிட வேண்டும். அடுக்கும்போது தட்டையான முகம் தரையில் படும்படி வையுங்கள், ஏனென்றால் பிலிம் அங்கேதான் அதிகமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும். எலியும் பெருச்சாளியும் காக்கையும் போடும் ஒரு சிறு ஓட்டை போதும், அதைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தீவனம் வீணாகிவிடும். அதனால் வாரம் ஒருமுறை சுற்றிவந்து பார்த்து, ஓட்டை தெரிந்த உடனே அதற்கான ஒட்டுநாடாவை ஒட்டிவிடுவோம்.

தீவனத்தில் ஈரம் 65 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்கும்போது, அதாவது கதிரின் மணியில் பால்கோடு (பாலாக இருக்கும் பகுதிக்கும் கெட்டியான பகுதிக்கும் இடைப்பட்ட கோடு) பாதியைத் தாண்டியிருக்கும்போது, மக்காச்சோளத்தை வெட்டுகிறோம். கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் புல்லை அப்படியே கட்டினால் ஈரம் அதிகமாகிச் சாறு வடிந்து நாற்றமெடுக்கும்; வெட்டிச் சில மணி நேரம் வாடவிட்டு, கொஞ்சம் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) சேர்த்தால்தான் புளிப்பு சரியாக ஏறும். வைக்கோலில் அந்தச் சர்க்கரைச் சத்து மிகக் குறைவாயிற்றே. அதனால் நனைந்த வைக்கோலை ஊறுகாய்ப்புல்லாக்கலாம் என்று உங்களிடம் சொன்னவர் எதை நம்பிச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை.

மன்னை விவசாயி:

இருவருக்கும் மிக்க நன்றி. நான்கடி இயந்திரம் என் பட்டியலிலிருந்து போய்விட்டது. இரண்டு சந்தேகங்கள் மட்டும் மிச்சம். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு மோதுகிறது. அந்த வைக்கோலைக் காப்பாற்ற வேறு வழியே இல்லையா? அடுத்தது, பக்கத்து ஊரில் ஒருவர் மூன்று பருவம் ஓடிய சிறிய இயந்திரத்தை விற்கிறார். பழையதை வாங்குவது சரியாக இருக்குமா, எவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்?

ஓய்வுபெற்ற பொறியாளர்:

வேளாண் கருவிகளோடு நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் முதல் சந்தேகத்துக்கு விடை சொல்ல முயல்கிறேன்.

வைக்கோலைக் கட்டி அடுக்கிப் பத்திரமாக வைக்க வேண்டுமென்றால் ஈரம் 15 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 18-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. மாறாக, காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்த வேண்டுமென்றால் ஈரம் 45 சதவீதத்துக்கு மேல் வேண்டும். 20-க்கும் 40-க்கும் இடைப்பட்ட வைக்கோல் இரண்டும் கெட்டான். அதைக் கயிறு போட்டுக் கட்டினாலும் பூஞ்சணம் பிடிக்கும், பிலிம் போட்டு மூடினாலும் நொதித்தல் சரியாக நடக்காது. குறுவையில் ஒரு மழை நனைந்து அரைகுறையாகக் காய்ந்த வைக்கோல் பெரும்பாலும் இந்த இடைப்பட்ட நிலையில்தான் இருக்கிறது. விற்பனையாளர் சொல்லாமல் விட்ட செய்தி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆயினும் அறுவடை வண்டி கடந்துபோன சில மணி நேரத்துக்குள், மழை படாமல், பச்சை மாறாமல் எடுக்கப்படும் வைக்கோல் வேறு கதை. ஜப்பானில் நெற்பயிரைக் கதிரோடு சேர்த்து அறுத்து, உருளைக்கட்டாக்கி, பிலிம் சுற்றி மாடுகளுக்குக் கொடுக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அதற்கென்றே தனி நெல் இரகங்களையும், சேற்று வயலில் இறங்கும் பெல்ட் வகை இயந்திரங்களையும் உருவாக்கியிருக்கிறார்கள். அங்கே கதிரும் உள்ளே போகிறது என்பதை மறக்கக் கூடாது. நம்மிடம் நெல்லைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் தாளில் சர்க்கரை குறைவு என்று நாமக்கல் நண்பர் சொன்னது சரியே. அதனால் பச்சை வைக்கோலுக்குப் புளிக்கவைப்பதைவிட யூரியா முறை பொருத்தமானது. 100 கிலோ உலர் வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் அளவு தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் போகாமல் மூடி 21 நாள் வைப்பது பழகிப்போன வழிமுறை. ஈர வைக்கோலில் தண்ணீர் ஏற்கனவே இருப்பதால் கரைக்கும் நீரைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் யூரியாவை உலர் எடைக்குத்தான் கணக்கிட வேண்டும், ஈர எடைக்குக் கணக்கிட்டால் மிகுந்துவிடும். கரைசல் ஓரிடத்தில் தேங்காமல் சீராகப் பரவ வேண்டும். மாட்டுக்குக் கொடுக்கும் முன் பிரித்துப்போட்டுக் காரநெடி போகும்வரை ஆறவிட வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கவே கூடாது. ஐந்து மாடுகளுக்கு இதைச் செய்ய நல்ல தார்ப்பாய் ஒன்றும் மேடான இடமும் போதும். இதற்காகச் சுற்றும் கருவி வாங்குவது தேவையற்ற செலவு. சேற்றில் ஊறிக் கறுத்துவிட்ட வைக்கோலுக்கு எந்த முறையும் உதவாது. பூஞ்சணம் பிடித்த நெல் வைக்கோலைத் தொடர்ந்து தின்னும் எருமைகளுக்கு வாலும் காலும் அழுகும் நோய் வருவது வட இந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்டது. அப்படிக் கெட்ட வைக்கோலை வயலிலேயே மடக்கி உழுதுவிடுங்கள்.

உலர்ந்த கட்டுகளைச் சேமிப்பது பற்றியும் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சிறிய கட்டை வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இரண்டடி விட்டமுள்ள உருளையில் வெளிப்புறம் மூன்று அங்குல ஆழத்துக்கு நனைந்து கெட்டுவிட்டால், அந்தக் கட்டில் ஏறத்தாழ 44 சதவீதம் போய்விட்டது என்று பொருள். நான்கடி உருளையில் அதே மூன்று அங்குலத்துக்கு இழப்பு 23 சதவீதம்தான். வெளிநாட்டுப் படங்களில் பெரிய உருளைகள் வெட்டவெளியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு நம் சிறிய கட்டுகளை அப்படிப் போட்டுவைக்கக் கூடாது. பிலிம் கருவிக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் தரையை உயர்த்தி ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டால் அது ஆண்டுதோறும் பயன்படும். அடுக்கிய முதல் இரண்டு வாரம் நடுக்கட்டுகளில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சற்று நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே அடுக்கைக் கலைத்துவிடுங்கள். ஈர வைக்கோல் தானாகவே தீப்பற்றுவது வெறும் பேச்சன்று.

புதிதாக வாங்குவதானால், வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் மகளிருக்கும் பட்டியல் இனத்தவருக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் கொடுத்து வந்திருக்கிறார்கள். இயந்திரத்தின் மாதிரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். பழையதற்கு இந்த மானியம் கிடையாது.

ஒரத்தநாடு டிராக்டர்:

பொறியாளர் ஐயா சொன்ன கடைசி விஷயமே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில். மானியம் கழித்த புது விலையோடு பழைய விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் வித்தியாசம் நினைத்த அளவுக்கு இருக்காது.

ஆனாலும் பார்க்கப் போவதென்றால் பெயின்டைப் பார்க்காதீர்கள். உருளைகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்ற சத்தமோ ஆட்டமோ இருந்தால் பேரிங் போய்விட்டது. சூடேறிய பேரிங்கின் பக்கத்தில் வைக்கோல் தூசி படிந்துதான் வயலில் இயந்திரங்கள் எரிகின்றன, ஆகவே இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சங்கிலியும் பல்சக்கரமும் தேய்ந்திருக்கின்றனவா, கம்பிப் பற்களில் எத்தனை வளைந்தோ ஒடிந்தோ இருக்கின்றன, கயிறு வெட்டும் கத்தி மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதிகச் சுமை வரும்போது முதலில் ஒடிந்து இயந்திரத்தைக் காப்பாற்றுவதற்கென்று வைத்த போல்ட்டுக்குப் பதில் வலுவான சாதாரண போல்ட் மாட்டியிருந்தால், அந்த வண்டியை ஓட்டியவரின் பழக்கம் உங்களுக்குத் தெரிந்துவிடும். டிராக்டரின் விசையைப் பேலருக்குக் கொண்டுவரும் கார்டன் தண்டின் மேலிருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை பெரும்பாலும் இருக்காது. விற்பவரிடமே புது உறையைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேலரின் வாயில் வைக்கோல் அடைத்துக்கொண்டால், பி.டி.ஓ.வை (டிராக்டரிலிருந்து கருவிக்கு விசை தரும் சுழல்தண்டு) நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டு, அதன்பிறகுதான் கையை விட வேண்டும் என்பதை ஓட்டுநருக்கும் கூடவரும் பையன்களுக்கும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அவசரத்தில் காலால் தள்ளிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் நின்ற இடத்தில் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும்படி வைத்து, உங்கள் வயலிலேயே அரை ஏக்கர் கட்டச் சொல்லுங்கள். பனி ஈரம் காய்ந்த பிறகு, காலை பதினொரு மணிவாக்கில் வரச் சொன்னால் போதும். விழுந்த கட்டுகளில் நாலைந்தை இடுப்பளவு உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பாருங்கள். கயிறு நழுவாமல், ஓரம் சரியாமல் நின்றால் விலை பேசத் தொடங்கலாம்.